பூஜையில் வைத்த ஹார்டு டிஸ்க்

சாலை, திருவனந்தபுரம்
மகாநவமி, 2003

தீர்க்காயுசுள்ள மாப்பிள்ளை அழகியநம்பி அவர்களுக்கு, மாமனார் ஆறுமுகநயினார் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் கம்ப்யூட்டரும் சுகம். பெங்களூரில் நீங்களும் சுஜாவும் சுகமாயிருக்கப் பத்மநாபசுவாமி துணை.

போன வாரத்து இடியில் நீங்கள் போட்டுத் தந்த லினக்ஸ் படுத்துவிட்டது. கறுப்புத் திரையில் பெயர் கேட்டது. இனிஷியலோடு சொன்னேன், அப்பா பெயர் சொன்னேன், கடைப் பெயர் சொன்னேன், ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் பதறியது கம்ப்யூட்டருக்காக அல்ல. ஸ்டுடியோக்காரன் தந்த கல்யாண ஆல்பத்தில் உங்கள் அம்மா ஒரு படத்தில்கூடக் கண் திறக்கவில்லை, கண் திறந்திருக்கும் படங்கள் உங்கள் தம்பி எடுத்து இந்தக் கம்ப்யூட்டரில் போட்டவை மட்டும்தான், தீபாவளிக்குள் அவை கைக்கு வராவிட்டால் எங்கள் வாசல் மிதிப்பதில்லை என்று சம்பந்தியம்மாள் சொல்லியிருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நீங்கள் போனில், "மாமா, முதல்ல படங்களைப் பத்திரமா வேற இடத்துல எடுத்து வச்சிருங்க, அப்புறமா சிடியைப் போட்டு லினக்ஸைப் புதுசா ஏத்துங்க" என்றீர்கள். படங்கள் இருப்பது ஹார்டு டிஸ்கில், அப்படியானால் ஹார்டு டிஸ்கையே எடுத்து வைத்துவிட்டால் தீர்ந்தது. சாலையில் இத்தனை வருஷமாக ஸ்க்ரூ விற்கிறவனுக்குக் கழற்றவா தெரியாது? கைக்கு அடக்கமான அந்த இரும்புப் பெட்டியை வெளியே எடுத்து, பட்டுத்துணியில் சுற்றி, சரஸ்வதி பூஜையில் புத்தகங்களோடு வைத்துவிட்டேன். பூஜையில் வைத்ததை விஜயதசமிவரை இந்த ஊரில் திருடன்கூடத் தொடமாட்டான், பாங்க் லாக்கருக்கு அந்த மரியாதை கிடையாது. உங்கள் மாமியார் பகவதியம்மாள், "சாமி முன்னால என்னத்துக்கு இந்த இரும்பு?" என்றாள். "அதுக்குள்ள ஒஞ் சம்பந்தியம்மா இருக்கா, கும்பிட்டுக்கோ" என்றேன். கும்பிட்டாள்.

பூஜை வைத்தபின் எழுதவோ படிக்கவோ கூடாது. கம்ப்யூட்டரில் தட்டுவது எழுத்தில் சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு சிடியைப் போட்டேன். டிஸ்கில் இருப்பதை முழுக்க அழித்துவிடவா என்று கேட்டது. டிஸ்கே பூஜையில் இருக்கிறது, நீ எதை அழிப்பாய் என்று ஆமாம் தட்டினேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. சிரிப்பு வந்துவிட்டது, அதற்கும் ஆமாம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் லினக்ஸ் ஏறி ஜம்மென்று ஓடுகிறது. ஹார்டு டிஸ்க் இல்லாமலேயே ஓடுகிறதே, இதைச் செய்தவர்கள் சாமானியர்கள் இல்லை. ஆகையால் நீங்கள் லீவு போட்டு வரவேண்டாம். படங்கள் சரஸ்வதியின் காவலில் இருப்பதாக அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம். பகவதியம்மாள் குளிக்கப் போன நேரம் பார்த்து, சந்தோஷம் தாங்காமல் இதை எழுதுகிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரம். சுஜாவுக்கு ஆசீர்வாதம்.

நிம்மதியுடன்,
ஆறுமுகநயினார்

பி.கு: இன்று விஜயதசமி. பூஜை எடுத்துத் துணியைப் பிரித்தால், பெட்டியின் முகப்பில் வாய் இருக்கிறது, வாயில் ஒரு பிளாப்பி இருக்கிறது. பக்கத்தில் இன்டர்நெட் கடை வைத்திருக்கும் சத்தியதாஸிடம் காட்டினேன். பட்டுத்துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது பிளாப்பி டிரைவாக்கும். ஹார்டு டிஸ்கு கம்ப்யூட்டருக்கு உள்ளதன்னே இருக்கு" என்றார். மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே லீவு போடுங்கள். தீபாவளிக்கு வரும்போது நீங்கள் கல்யாண வேஷ்டியும் சுஜா கூறைப்புடவையும் கொண்டுவாருங்கள், தம்பி கேமராவோடு வரட்டும், அம்மா அதே அரக்குப் பட்டில் வரட்டும். எங்கள் வாசலை அவர்கள் மிதிக்க வேண்டாம், அதே மண்டபத்தைப் பேசிவிட்டேன், மண்டப வாசல் எங்கள் வாசலில் சேராது. தாலி கட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை செய்துவிடலாம், அம்மா கண்ணை மட்டும் மூடாமல் இருந்தால் போதும்.