யாரிடமும் சொல்லாத அண்ணாச்சி

ஜெயிலிலிருந்து வந்தவனுக்கு வேலை கிடையாது என்று கதவைச் சாத்துகிறவர்களைப் பற்றி நான் பேச வரவில்லை. சாத்தினார்கள், முடிந்தது. கதவைத் திறந்துவிட்டு, திறந்த செய்தியைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறாரே ஒருவர், அவரை உங்களுக்குத் தெரியுமா? அந்த ரகத்தைத்தான் சொல்கிறேன்.

ராயபுரத்தில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் ஆசீர்வாதம் அண்ணாச்சி இதில் முதல் தரம். விடுதலையாகி வந்த லூயிஸுக்கு, யாரும் சிபாரிசு செய்யாமலே, வீடு வீடாகச் சரக்கு கொண்டுபோய்ப் போடும் வேலையைக் கொடுத்தார். நல்ல மனுஷன், அதில் சந்தேகமே வேண்டாம். லூயிஸுக்கும் அந்த வேலைதான் உயிர். காலடிப்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கும் அவன் மனைவி ரூத் கறாராகச் சொல்லியிருந்தாள்: "கிறிஸ்மஸ் அன்னிக்கு உன் கைல ஒரு வேல இருந்தா சொல்லு, பொட்டிய தூக்கினு வர்றேன். இல்லாங்காட்டி இந்தப் பக்கம் வராத."

முதல் நாளே ஹில்டா என்ற வாடிக்கைக்காரி துவரம்பருப்பு வாங்க வந்தாள்.

"பயப்படாதீய. இவன் ஜெயில்ல இருந்து வந்த பய. தங்கமானவன்" என்றார் அண்ணாச்சி.

அதுவரை ஹில்டா எதற்கும் பயப்படவில்லை. இப்போது பருப்பை மறந்து பையை இடுக்கிக்கொண்டாள்.

கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் குந்தி எட்டிப் பார்ப்பது, ஒன்றும் நடக்கவில்லை என்றதும் எழுந்து வந்து "எடுக்கல, பாத்தியளா" என்று கடையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் அறிவிப்பது, ஜெபக் கூட்டத்தில், கர்த்தர் தன்னை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்ல அவனை எழுப்பி நிறுத்தி, அவன் வாயைத் திறக்குமுன் அவனுடைய சாட்சியையும் தானே சொல்லி முடிப்பது, அவன் விடுதலையான தேதிக்கு மாதாமாதம் கேக் வெட்டுவது என்று அண்ணாச்சி ஒன்றையும் விடவில்லை. மாதாமாதம் ஐயா. பெற்ற பிள்ளைக்கே வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

லூயிஸ் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் கேட்டேவிட்டான்: "அண்ணாச்சி, இன்னா வேல வோணா குடு, செய்றேன். இத்த மட்டும் யாராண்டயும் சொல்லாத."

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். செய்த கையோடு பக்கத்துக் கடைக்குப் போனார்.

"லூயிஸ் ஜெயில்ல இருந்தத யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்களும் சொல்லிராதீய."

அடுத்த கடை, அதற்கடுத்த கடை, கோயில் வாசல், ஆட்டோ ஸ்டாண்டு என்று அவர் தம் சத்தியத்தைப் பரப்பி முடித்தபோது, லூயிஸ் மூட்டையோடு வருவதைக் கண்டாலே கதவுகள் சாத்திக்கொண்டன. கொண்டுபோய்ப் போட வீடில்லாதவனுக்குக் கடையில் என்ன வேலை? "சனங்க இப்படி இருக்கே தம்பி" என்று அழுதபடியே அண்ணாச்சி அவனை நிறுத்தினார்.

நவம்பர் பாதி போய்விட்டது. லூயிஸ் எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்குப் போய், சூப்பர்வைசர் நசீரிடம் தானே சொன்னான்: "பாய், நான் உள்ள இருந்துட்டு வந்தவன்."

"ஃபோர்க் லிப்ட் ஓட்டுவியா?"

"முன்னாடி ஹார்பர்ல ஓட்டிகினு இருந்தேன்."

"ஓட்டிக் காட்டு."

ஓட்டிக் காட்டினான். மறுநாளிலிருந்து வேலை.

ஆனால் டிசம்பரிலும் அந்தத் தேதி வருமே. எப்படியோ விசாரித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கேக் பெட்டியும் கையுமாக அண்ணாச்சி யார்டுக்குள் வந்து நின்றார். கேக் மேல் 'விடுதலைத் திருநாள்' என்று சிவப்பு க்ரீமில் எழுதியிருந்தது.

"யாருக்கு?" என்றார் நசீர்.

"அத நான் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணியிருக்கேன்" என்ற அண்ணாச்சி, லூயிஸையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் லூயிஸைப் பார்த்தார்கள். இத்தனை பேருக்கும் தெரிந்தபின் இந்த வேலையும் போச்சு, ரூத்தும் வரமாட்டாள் என்று அவன் சோற்றை மூடி வைத்தான். நசீர் ஒரு துண்டு கேக்கை மென்று விழுங்கிவிட்டு, "லூயிஸு, துன்னுட்டு வண்டிய எடு, லோடு நிக்குது" என்றார். மற்றவர்களும் கேக்குக்குக் கை நீட்டினார்கள்.

அண்ணாச்சி நசீரின் காதருகே குனிந்தார். "அவன் எதுக்கு உள்ள போனாம்னு தெரியும்லா?"

"தெரியாது. கேக்கல."

"கேக்காமலா வேல குடுத்திய?"

"வண்டி ஓட்டுவியான்னு கேட்டேனே."

கிறிஸ்துமஸ் அன்று ரூத் பெட்டியோடு வந்து இறங்கினாள். சுபம். அண்ணாச்சியை நினைத்து நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் ஆரம்பத்திலிருந்தே உங்களுக்கு ஒன்று அரித்துக்கொண்டிருக்கிறதே, இந்த லூயிஸ் அப்படி என்னதான் செய்துவிட்டு உள்ளே போனான் என்று? எனக்குத் தெரியும். சொல்கிறேன், கிட்டே வாருங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யுங்கள்.