கும்பிடவோ, மதிக்கவோ?

மன்னார்த் தீவில் சாமிமாரையே அளவெடுத்து அடக்கி வைத்த மனிதர் ஒருவர்தான். அவர் கண்ணாடி அண்ணர். சிவபெருமானாக இருந்தாலும் சரி, செபஸ்தியாராக இருந்தாலும் சரி, அவருடைய அளவு நாடாவுக்கு முன்னால் எல்லாரும் பதினாறுக்குப் பன்னிரண்டுதான்.

படங்களுக்குக் கண்ணாடியும் பிறேமும் போடுவது அவர் தொழில். ஊர் பேசாலை. நாளாந்தம் காலையில் பஸ்ஸில் மன்னார் ரவுணுக்கு வந்து, பின் ஒழுங்கை ஒன்றிலிருந்த தன் கடையைத் திறப்பார். அவருடைய ஞானஸ்நானப் பெயர் அவருடைய மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். நான் இரண்டு கட்டடம் தள்ளி ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்தேன். சொந்த ஊர் இலுப்பைக்கடவை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கண் சொருகாமலிருக்க மற்றவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள். நான் கண்ணாடி அண்ணரின் கடைக்குப் போனேன்.

முதல் தரம் நான் போனது ஒரு பிள்ளையார் படத்தோடு. படத்தை வாங்கினார், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கும்பிடவோ, மதிக்கவோ?"

"விளங்கேல்லை அண்ண."

"கும்பிடுற ஆளெண்டா தங்கப் பிறேம். மதிக்கிற ஆளெண்டா கறுப்புப் பிறேம். மாறிப் போட்டா உங்களுக்கும் பாவம், எனக்கும் பாவம்."

பிள்ளையாரைக் கும்பிடுகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் அளவு நாடா வெளியே வந்தது.

இந்தச் சட்டதிட்டத்துக்குக் காரணம் அவருடைய மைத்துனர். மைத்துனர் வேறொரு சபையில் சேர்ந்துவிட்டார். சேர்ந்தவர் சும்மா இருந்தாரா? ஒவ்வொரு ஞாயிறும் இவர் வீட்டு மீன்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, "அத்தான், நீங்கள் படத்தைக் கும்பிடுற ஆக்கள்" என்று குத்திக் காட்டிவிட்டுப் போவார். அதற்குப் பதிலாகத்தான் கண்ணாடி அண்ணர் உலகத்துப் படங்களையெல்லாம் தரம் பிரித்தார்.

"ஆராதனை ஆண்டவருக்கு மட்டும், தங்கச்சி. புனிதர்மாருக்கு வணக்கம். அந்தோனியாரிட்ட நாங்கள் சொல்லிவிடுறம், அவர் மேல போய்ச் சொல்லுறார். உங்கட கந்தோர் வேலைதான்."

புனிதர்களுக்கென்றே தனி பிறேம் வைத்திருந்தார். தங்க நிறம், உள்ளே கறுப்புக் கோடு, உச்சியில் சின்ன மரச் சிலுவை.

முசலிப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி மக்கா படம் கொண்டுவந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டதும் அவர் படத்தைத் திரும்பப் பறிக்கப் பார்த்தார். "அஸ்தஃபிருல்லாஹ்! படத்தக் கும்பிடுறதா? இது செவத்துல மாட்டிப் பாக்குறதுக்கு!" கண்ணாடி அண்ணர் அசரவில்லை. அன்றைக்கே 'பாக்க' என்று மூன்றாவது பிரிவு தொடங்கி, பச்சை பிறேம் அடித்துக் கொடுத்தார்.

புதுமணத் தம்பதி ஒன்று கலியாணப் படத்தோடு வந்தது. "கும்பிடவோ, மதிக்கவோ?" மாப்பிள்ளை வாயைத் திறக்கமுன் பெண் சொன்னாள்: "முதல்ல மதிக்கட்டும், பிறகு பாப்பம்." கறுப்பு பிறேம் போட்டார். இன்னொருவர் ஓர் அரசியல்வாதியின் படத்தைக் கொண்டுவந்தபோது நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எலெக்சன் முடிய வாங்கோ. அப்பவும் இதே ஆளெண்டாப் போடுவம்" என்று திருப்பி அனுப்பினார். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவர் தன் படத்தைத் தானே கொண்டுவந்து கம்பீரமாக "மதிக்க" என்றார். "ஆர் மதிக்க?" என்று கேட்டார் நம்மவர். அதிபர் அதற்குப் பிறகு அந்த ஒழுங்கைப் பக்கமே வரவில்லை.

ஊருக்கெல்லாம் இப்படிக் கேள்வி கேட்ட மனிதரைக் கடைசியில் ஒரு படம் மடக்கிப் போட்டது. வெள்ளை அங்கி போட்ட ஓர் இளைஞனின் பெரிய படம். ஒரு கிழமையாக மேசையில் கிடந்தது. அவர் அதைத் தூக்குவார், தங்கப் பிறேமை வைத்துப் பார்ப்பார், கறுப்பை வைத்துப் பார்ப்பார், திரும்பக் கிடத்துவார்.

"ஆர் அண்ண இது?"

"என்ர பெடியன். ஒரே பெடியன். குருப்பட்டம் எடுத்துச் சுவாமியாகிறான். வாற மாசம், எங்கட கோயிலிலதான்."

சந்தோசமான செய்தி. ஆனால் முகம் மட்டும் கருவாடாகக் காய்ந்து கிடந்தது. விசாரித்தபோது விசயம் வெளியே வந்தது. குருப்பட்டம் கிடைத்த கையோடு புதுச் சுவாமி தன் முதல் ஆசீர்வாதத்தைத் தாய் தகப்பனுக்குக் கொடுப்பார். அவர்கள் ஊர் பார்க்க அவர் முன்னால் முழங்காலில் நின்று அதை வாங்கவேண்டும்.

"பத்து வயசில என்ர கண்ணாடித் தட்டை உடைச்சுப்போட்டு இந்த மேசைக்குக் கீழ ஒளிச்சவன், தங்கச்சி. மூக்குச் சிந்தி விட்டது நான். அவனுக்கு முன்னால நான் முழங்காலோ? ஆண்டவருக்கு நிப்பன். மாதாவுக்கு நிப்பன். இவன் எந்தப் பிரிவு?"

"அப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

"அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் வரும்."

காய்ச்சலுக்கு மூன்று கிழமைக்கு முன்பே திகதி குறித்த மனிதரை நான் அன்றுதான் கண்டேன். அவருடைய மனைவி கடைக்கு ஃபோன் எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "காய்ச்சலெண்டா வெறும் வயித்தோட கிடக்கட்டும். அண்டைக்கு ஊருக்கே பிரியாணி." இதெல்லாம் சிரிப்புத்தான். ஆனால் மகன் ஒரு நாள் குருமடத்திலிருந்து பேசினான். "அப்பா, வாறீங்கள்தானே?" என்று கேட்டான். "பாப்பம், வேலை கிடக்கு" என்றார் இவர். "சரி அப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். எனக்கு மனம் என்னவோ செய்தது. கோபமும் வந்தது.

இந்த நேரத்தில்தான் சிங்கள ரீச்சர் வந்தா. குருநாகல் பக்கத்துக்காரி. எங்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சிங்களம் படிப்பிக்க வந்தவ. தமிழைப் புத்தகம் பார்த்தே படித்ததால், அவ வாய் திறந்தால் செய்தி வாசிப்பதுபோல இருக்கும்.

"ஐயா, இம்மூன்று படங்களுக்கும் சட்டமிட்டுத் தர இயலுமா?"

கண்ணாடி அண்ணர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, என்ன சொல்லுறா?"

தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்க்கிற வேலை எனக்கு வாய்த்தது. முதல் படம் புத்தர். கண்ணாடி அண்ணர் கேள்வியைப் போட்டார். ரீச்சர் அவசரப்படவில்லை, நல்லாக யோசித்தா.

"வணங்குகிறோம். ஆனால் கடவுள் என்று அல்ல. அவர் வழியைக் காட்டினார். நடக்க வேண்டியவர்கள் நாங்கள்."

"அவரிட்ட என்ன கேப்பீங்கள்?"

"ஒன்றும் கேட்பதில்லை."

கண்ணாடி அண்ணர் ஸ்ரூலில் பொத்தென்று இருந்துவிட்டார். "ஒண்டும் கேக்காமலோ? எங்கட ஆக்கள் சைக்கிள் திறப்புத் துலைஞ்சாலே அந்தோனியாரிட்டப் போவினம்! அப்ப பூ என்னத்துக்கு?"

"நன்றிக்கு. மேலும் அந்தப் பூ வாடும். நானும் அவ்வாறே. அதை நினைத்துக்கொள்வதற்கு."

"தங்கப் பிறேம்" என்றார் மெல்ல. இரண்டாவது படத்தைத் தூக்கினார். கையில் தடியோடு நிற்கும் ஒரு துறவி. "இவர்?"

"சீவலி தேரர். புத்தரின் சீடர். இவருடைய படம் உள்ள வீட்டில் உணவுக்குக் குறைவு வராது என்பார்கள்."

"அப்ப இவரிட்டக் கேக்கிறீங்கள்!"

ரீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிறிதளவு."

"பிடிச்சன்! இவர் உங்கட புனிதர்." மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "வேற ஆரிட்டக் கேப்பீங்கள்?"

"கதிர்காமத் தெய்வத்திடம் கேட்போம். மன்னாருக்கு மாற்றம் வந்தபோது, இங்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டேன். வந்து ஓர் ஆண்டின் பின், இங்கிருந்து மாற்ற வேண்டாம் என்று கேட்டேன். அவருக்கு மிகுந்த குழப்பம் ஏற்பட்டிருக்கும்." பிறகு ஞாபகம் வந்தவபோலச் சேர்த்துக்கொண்டா: "இனி வரவிருக்கும் மைத்திரி புத்தரையும் வணங்குவோம்."

"இன்னும் வராத ஆளுக்கும் பூவோ?"

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "அண்ண, நீங்களும் ஒருத்தர் திரும்பி வருவாரெண்டு பாத்துக்கொண்டுதானே இருக்கிறீங்கள்?"

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு மூன்றாவது படத்தைத் தூக்கினார். காவி உடுத்த ஓர் இளம் பிக்கு. மீசைகூடச் சரியாக அரும்பாத முகம்.

"இவர் ஆர்? பெரிய ஆளோ?"

"என் மகன்."

"ஓ. அப்ப மதிக்க." கை கறுப்பு பிறேமுக்குப் போய்விட்டது.

"இல்லை ஐயா. கும்பிட."

கறுப்பு பிறேமுக்குப் போன கை திரும்பி வந்தது. பிறகு கண்ணாடி அண்ணர் மிகவும் சின்னக் குரலில் கேட்டார். "பெத்த பிள்ளையையோ? எப்பிடி ரீச்சர்?"

"வருடம் ஒரு தடவை வீட்டுக்கு வருவார். கதிரையில் வெள்ளைத் துணி விரிப்பேன். அவர் அமர்வார். நான் முழந்தாளிட்டு வணங்குவேன். முதல் தடவை பன்னிரண்டு வயது அவருக்கு. குனிந்தபோது காலில் ஒரு தழும்பு கண்டேன். சைக்கிளில் விழுந்த தழும்பு. மருந்து கட்டியது நான். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது."

"வெக்கமா இருக்கேல்லையோ?"

"இருந்தது. ஆனால் அவர் அணிந்திருப்பது புத்தர் தந்த ஆடை. அதை நான் வணங்குகிறேன்." கொஞ்சம் நிறுத்தினா. "பிக்கு ஆனவர் தாயை வணங்க முடியாது, ஐயா. அதற்கு அனுமதி இல்லை. அவருக்கு ஆசை இருக்கும். ஆகையால் நான் இருவருக்காகவும் சேர்த்து வணங்குகிறேன்."

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

அன்று பின்னேரம் அவருக்கு வேலையில் மனமே இல்லை. அதனால்தான் அந்தப் பிழை நடந்தது. இரண்டு நாள் கழித்து ரீச்சர் வந்து கடதாசியைப் பிரித்தபோது, சீவலி தேரரின் தலைக்கு மேல் சின்ன மரச் சிலுவை ஒன்று நின்றது! புனிதர் என்று முடிவு கட்டிய மனிதர் கைப்பழக்கத்தில் புனிதர் பிறேமையே அடித்துவிட்டார்.

"ஐயோ மாதாவே!" ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். இந்தக் காலத்தில் இது எங்கே போய் முடியும் என்று நான் ஒழுங்கையை எட்டிப் பார்த்தேன். ரீச்சர் மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்தா. சிலுவையைக் கழற்றிய இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை. தங்கப் பெயின்ற் எடுக்க ஓடியவரை மறித்தா.

"இருக்கட்டும் ஐயா. அவர் பொறுமை மிக்கவர்."

குருப்பட்ட நாள் வந்தது. நான் காலை பஸ்ஸில் பேசாலைக்குப் போனேன். கோயில் வாசல் வரைக்கும் சனம். முன் வரிசை வாங்கில் அவருடைய மனைவி புதுச் சேலையில் இருந்தா. பக்கத்தில் இடம் வெறுமையாகக் கிடந்தது. பாட்டுத் தொடங்கியது, ஆள் இல்லை. ஆயர் பீடத்துக்குப் போய்விட்டார், ஆள் இல்லை. மகன் உள்ளே வரும்போது அந்த வெறும் இடத்தை ஒருதரம் பார்த்தான். எனக்கு அந்த மனிதரின் காய்ச்சலை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது நடுவழியால் ஒரு பெரிய கடதாசிப் பொதி நடந்து வந்தது. பொதிக்குப் பின்னால் கண்ணாடி அண்ணர். மகனின் படம்! வெள்ளைச் சேட்டு முழுக்கப் பெயின்ற். "காயேல்லை, அதுதான் சுணக்கம்" என்று மனைவிக்குச் சொன்னது பத்து வாங்கு பின்னால் இருந்த எனக்கே கேட்டது. கடதாசி கிழிந்த பக்கத்தால் பிறேம் தெரிந்தது. தங்கமும் இல்லை, கறுப்பும் இல்லை, பச்சையும் இல்லை. அவர் கடையில் நான் ஒருநாளும் காணாத வெள்ளை.

ஆயர் கைகளை வைத்துச் செபித்தார். புதுச் சுவாமி இறங்கி வந்தார். தாய் முழங்காலில் நின்றா. கண்ணாடி அண்ணர் நின்றபடியே நின்றார். ஊர் முழுக்கக் கழுத்தை நீட்டியது. மகன் கையை உயர்த்தவில்லை, காத்துக்கொண்டு நின்றான். பிறகு கண்ணாடி அண்ணர் படத்தை வாங்கில் சாத்தினார். ஒரு முழங்கால். மற்ற முழங்கால். ஆசீர்வாதம் முடிந்தது. மனைவி எழும்பிவிட்டா. இவர் எழும்பவில்லை. நெற்றியை மகனின் பாதத்தில் வைத்தபடியே கிடந்தார். தோள் குலுங்கியது. கடைசியில் மகனே குனிந்து தூக்கிவிட்டான்.

பூசை முடிய வெளியில் என்னைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"சனம் என்னவும் கதைக்கும், தங்கச்சி. அவன்ர சப்பாத்து நூல் அவிண்டு கிடந்தது. குனிஞ்சு கட்டினனான், அவ்வளவுதான்."

புதுச் சுவாமி அன்று போட்டிருந்தது நூலே இல்லாத தோல் செருப்பு. அதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆனால் அந்தக் கிறுக்கு மனிதரில் எனக்கு அந்த நேரம் அப்படி ஓர் அன்பு வந்தது.

"ஓம் அண்ண, நானும் கண்டனான்" என்றேன். "நல்ல காலம், கட்டினீங்கள்."

கோயில் வாசலில் நின்று சொன்ன அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை எந்தச் சாமியிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.