ஓட்டுக்கு விடப்பட்ட சொற்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் மூட்டுவலியும் அத்தானின் கோபமும் சற்றுக் குறைந்திருக்கும் என நம்புகிறேன். நிற்க.

எங்கள் தொழிற்சாலைக்குப் புதிய மேலாளர் வந்திருக்கிறார். மொழிபெயர்ப்புப் பிரிவு என்பது நானும் ஒரு தட்டச்சரும்தான். நான் அகராதியைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு, "இருபத்துமூணு வருஷமா இங்கிலீஷ்தானே பாக்கறீங்க, இன்னுமா மனப்பாடம் ஆகல?" என்றார். ஒரு சொல்லுக்கு ஏழெட்டுப் பொருள் இருக்கும், இடம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றேன். அவருக்கு அது நிர்வாகச் சீர்கேடாகப் பட்டது. இனி ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ப் பொருள், எது என்பதை ஓட்டெடுத்து முடிவு செய்வது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

முதலில் 'சார்ஜ்' வந்தது. பேட்டரிப் பிரிவுக்காரர் மின்னேற்றம் என்றார், ஆலைக் காவல் அதிகாரி குற்றச்சாட்டு என்றார், பணியாளர் அதிகாரி பொறுப்பு என்றார், பேட்டரிப் பிரிவில் ஆள் அதிகம் என்பதால் மின்னேற்றம் ஜெயித்தது, அடுத்து வந்த 'ஃபயர்' வேலைநீக்கம் என்பதைத் தோற்கடித்துத் தீ என்று தீயணைப்புக்காரருக்குப் போனது, மறுநாளே கேன்டீன்காரருக்கு "உம்மீது மூன்று மின்னேற்றங்கள் உள்ளன" என்று நோட்டீஸ் போய், அவர் ரப்பர் செருப்போடு என் மேசைக்கு ஓடிவந்து, "அம்மா, நான் பாட்டுக்குப் பாத்திரம் கழுவிட்டிருந்தேன், ஷாக் வைக்கிற அளவுக்கு என்ன பண்ணேன்?" என்று கேட்க, அதற்குள் கிடங்கு எழுத்தருக்கு "தங்களுக்குத் தீ வைப்பதென நிர்வாகம் வருத்தத்துடன் முடிவு செய்துள்ளது" என்று கடிதம் போய், அவர் மனைவி நேராகக் காவல் நிலையத்துக்கே போய்விட்டாள்.

மேலாளர் அசரவில்லை. "பட்டியல்ல தப்பில்ல மேடம், ஜனங்களுக்குத்தான் பழகல" என்றார். நானூறு சொற்கள் கொண்ட அந்தப் பட்டியல் சரியானதே என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்திட வேண்டுமாம். இங்கே ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான். மறுத்தால் வேலை போகும். போனால் போகட்டும் அக்கா. அகராதியைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். இந்தக் கை அதில் கையெழுத்துப் போடாது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். பட்டியலைக் கவனிக்கத் தனிப் பிரிவு அமைத்திருக்கிறார்கள். தலைவி நான். ஜன்னல் வைத்த தனி அறை, எனக்குக் கீழே ஆறு பேர். நேற்று அவர்களில் ஒரு பெண் எழுந்து, "மேடம், இந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கே?" என்றாள். படித்த பெண்தான், ஆனால் ஒழுங்கு போதாது. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.