மயிரிழை ஐயாவும் எரியாத விளக்கும்

"உங்க அத்தானை விமானத்துகிட்டேருந்து காப்பாத்தினது யாரு, சொல்லு பாப்போம்?" என்று மயிரிழை ஐயா ஒருமுறை என்னைக் கேட்டார். கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்தது. லாரியின் பிரேக் என்று சொல்லியிருக்கலாம். தெரிந்த கேள்விக்கும் எழுந்து நிற்காமலே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தலையைக் குனிந்துகொண்டேன். அதை பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

விமான நிலையத்துக்குப் பின்தெருவில் ஐயாவின் கூடம். ஷிப்டு முடிந்தால் வீட்டுக்குப் போகிறவர்களைவிட அங்கே போகிறவர்களே அதிகம். பெட்டி ஏற்றுகிறவர் முதல் டை கட்டிய மேலாளர் வரை எல்லார் மணிக்கட்டிலும் நீலக் கயிறு. விமானத்தைப் பறக்கவைப்பது இஞ்சினாம். விழாமல் பிடித்திருப்பது ஐயாவின் கயிறாம்.

ஓடுபாதையில் யாராவது மயிரிழையில் தப்பினால் ஐயாவின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் கயிற்றின் வலு போய்விடும். அப்புறம் ஐயா கண்ணை மூடி, அதையே ஞானக்கண்ணில் கண்டதாகக் கூட்டத்துக்குச் சொல்வார். காதில் போட்டவருக்கு உண்மை தெரியும். வெளியே விட முடியுமா? கயிறு!

அக்காவுக்கு விமான நிலையத்தின் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை. 'எதில் தப்பினீர்கள், எழுதிப் போடுங்கள், தண்டனை இல்லை' என்று அங்கே ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள். ஐயா வந்த பிறகு அதில் சிலந்தி குடியேறியது. "பாத்தீங்களா, ஆபத்தே இல்ல" என்று மேலாளர் பூரித்தார். கண்ணாடியை உடைத்துவிட்டு முகத்தில் பரு போய்விட்டது என்கிற புத்திசாலி.

அத்தான் எரிபொருள் லாரி ஓட்டுகிறார். ஓடுபாதையின் ஒரே மூலையில் இரண்டு தடவை, இறங்கி வரும் விமானத்தின் முன்னால் போய் நின்றவர்.

"அந்த மூலையில வண்டிய நிக்கச் சொல்ற சிவப்பு விளக்கு எரியுதா இல்லையா?" என்று கேட்டாள் அக்கா.

"அதெல்லாம் ஐயா பாத்துக்குவார்."

"ஐயா பல்பு மாத்துவாரா?"

"வாயை மூடுடி. கயிறு அறுந்துடும்."

"கயிறு அறுந்தா வேற வாங்கலாம். நீங்க?"

யாரும் எழுதிப் போடாமல் விளக்கைப் பார்க்க ஆளனுப்ப மேலாளர் ஒப்பவில்லை.

அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு ஐயாவிடம் போனாள். காதோடு சொன்னாள்: "என் வீட்டுக்காரரு சொல்லக் கூச்சப்படறாருங்க. நேத்து அதே மூலையில அவரு லாரிய விமானம் உரசப் பாத்துச்சாம்."

மாலையில் கூட்டம். அத்தான் முதல் வரிசையில்.

"நேத்து ஒரு லாரி," ஐயாவின் குரல் தழுதழுத்தது. "சக்கரம் நகரல. தலைக்கு மேல விமானம். இங்கேருந்தே ஒரு விரலால தூக்கிவிட்டேன். ஓட்டினவர் இதோ, உயிரோட உக்காந்திருக்கார்."

அத்தான் திருதிருவென்று விழித்தார். "என் லாரி நேத்து பூரா ஷெட்ல கிடந்துச்சுங்களே. சக்கரமெல்லாம் கழட்டி வெச்சிருந்தாங்க."

"சக்கரம் நகரலன்னுதானே ஐயாவும் சொன்னார்" என்றது பின்னால் ஒரு பக்திக் குரல். யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு நிற்கவில்லை.

அக்கா எழுந்தாள். "நான் கட்டின கதை. இவர் காதுல போட்டேன், வாயில வந்துச்சு. ஞானக்கண்ணு இருக்கிற இடம் தெரிஞ்சுதா?"

ஐயா கயிற்றைத் தேடுவதுபோல் தரையைப் பார்த்தார். விமானத்துக்குப் படிக்கட்டு கொண்டுபோகிற வண்டிக்காரர் மெல்ல வாய் திறந்தார். "அந்த மூலை விளக்கு எரியறதே இல்லம்மா. நானும் தப்பினவன்தான்."

"நானும்" என்றார் பக்கத்திலிருந்தவர். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை.

தப்பியவன் கேட்க வேண்டியது, யார் காப்பாற்றினார் என்றல்ல. எதனால் மாட்டினேன் என்று. கேட்காதவனுக்கு அந்தப் பதில் இரண்டு இறக்கையோடு இறங்கி வரும்.

அத்தான் கயிற்றை அவிழ்த்து ஐயாவின் மடியில் போட்டார். அக்கா நீட்டிய தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு, பெட்டி இருக்கும் பக்கமாக நடந்தார்.