எறும்புச் சித்தரின் சாட்சிகள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் கந்தர்வக்கோட்டைக்கு வெளியே அந்த முந்திரித் தோப்பில் திருவிழாதான். மணமேல்குடியிலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள். எறும்புச் சித்தர் உடம்பிலிருக்கிற சர்க்கரையை உறிஞ்சி எடுக்கிறாராம். தொப்புளில் வெற்றிலை வைப்பார், எதையோ முணுமுணுப்பார், இலையை எடுத்துத் தரையில் போடுவார். உடனே எறும்பு மொய்க்கும். வெளியே வந்துவிட்டதாம் வியாதி. இதற்கு மேல் என்ன லேப் ரிப்போர்ட் வேண்டும்?

வரிசையில் நின்ற விசாலிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் உடம்பு இன்சுலின் சுரக்காது. சின்ன வயதிலிருந்தே ஊசிதான். ஊசி போட்டால் சர்க்கரை பயந்து உள்ளே ஒளிந்துகொள்ளும் என்று சித்தரின் ஆள் சொன்னான். மருத்துவக் கல்லூரிக்கே தெரியாத ரகசியம். முந்தின நாளே அப்பா சோமு மருந்தை எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டார். அன்று ராத்திரி போர்வைக்குள்ளிருந்து, பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் பார்த்த நம்பருக்கு அவள் கிசுகிசுப்பாகப் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்: "மேடம், நான் விசாலி. ஊசி மருந்த அப்பா பீரோவுல பூட்டிட்டாரு, நாளைக்கு எறும்புச் சித்தர்கிட்ட கூட்டிட்டுப் போறாரு. பயமா இருக்கு. எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."

அது வக்கீல் கண்ணாத்தாளின் நம்பர். புதுக்கோட்டை கோர்ட்டில் இருபது வருஷமாக விபத்து வழக்கு நடத்துகிறவர். சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கான தொண்டர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி. பள்ளிக்கூடத்தில் ஊசி போட இடம் கேட்டு மல்லுக்கட்டுவது, மருந்து தடையில்லாமல் கிடைக்க மனுப் போடுவது என்று ஃபீஸ் இல்லாத கேஸ்தான் அவரிடம் அதிகம். காலையில் அந்தச் செய்தியைக் கேட்டு, விசாரித்துக்கொண்டு விசாலி வீட்டுக்கு ஓடினார். வீடு பூட்டிக் கிடந்தது. ஸ்கூட்டியைத் தோப்புக்குத் திருப்பினார்.

விசாலியின் முறை வந்தபோது அவரும் வந்து நின்றார். "வக்கீலம்மா" என்று வரிசையில் குசுகுசுத்தார்கள்.

"சாமி, ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?"

"கேளும்மா. வக்கீலுக்கும் சர்க்கரையா?"

"எனக்கு இல்லீங்க. இந்தக் கல்லுக்கு இருக்கான்னு பாக்கணும்."

கூட்டம் சிரித்தது. சித்தரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

கண்ணாத்தாள் அவர் தட்டிலிருந்தே ஒரு வெற்றிலையை எடுத்து, நோயாளிகள் உட்காரும் செம்புராங்கல்லின் மேல் வைத்தார். பிறகு தரையில் போட்டார். எறும்புகள் சாரை சாரையாக வந்தன.

"பாவம், கல்லுக்கு முத்திப்போச்சு போல," என்றாள் வரிசையில் நின்ற இருளாயி.

"அது தோப்புக் கல்லு. நோயாளிங்க உக்காந்து உக்காந்து ஏறியிருக்கும்," என்றார் சித்தர்.

"சரிங்க, சாட்சிய மாத்துவோம். ஏக்கா இருளாயி, ஒங்க மடியில வெத்தலை இருக்குமே, ஒண்ணு தாங்க. சாமி, இந்தப் பிள்ளை ஊசி போடல. சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கும். நீங்களே வச்சு எடுங்க."

எல்லார் கண்ணும் சித்தர் மேல். வைத்தார். முணுமுணுப்பு வழக்கத்தைவிட நீளமாகவே இருந்தது. இலை தரைக்கு வந்தது. ஒரே ஒரு எறும்பு ஏறியது, சுற்றிப் பார்த்தது, இறங்கிப் போய்விட்டது.

இருளாயி சும்மா இருப்பாளா? சித்தரின் தட்டிலிருந்து ஓர் இலையை எடுத்து நக்கினாள்.

"வெல்லத் தண்ணி. எனக்கு இனிப்பே ஆகாதுன்னு சொல்லிப்புட்டு, தொப்புள்ல பாயசம் தடவியிருக்கான்."

சித்தர் இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தார். அவருடைய ஆள் ஏற்கனவே பைக்கைக் கிளப்பியிருந்தான்.

விசாலி குனிந்து வாந்தி எடுத்தாள். சோமு ஓடிவந்து தாங்கினார்.

"பொம்பளப் பிள்ளைங்க. ஊசியும் கையுமா இருந்தா யாரு கட்டிக்குவான்னுதான்..."

"கட்டிக்க மொதல்ல பிள்ளை உசுரோட இருக்கணும்ல அண்ணே. வீட்டுக்குப் போயி பீரோவத் தொறக்க நேரமில்ல. ஆஸ்பத்திரிக்கு வண்டிய விடச் சொல்லுங்க."

மணமேல்குடி வேனிலேயே அவளை ஏற்றினார்கள். அப்பாவின் கையை விசாலி விடவில்லை. அவரும்தான்.

வேனைவிட்டு இறங்கி வழிவிட்ட ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏம்மா, இம்புட்டுத் தூரம் வந்துட்டோம். கொலஸ்ட்ராலுக்காவது சாமி ஏதும் பாப்பாரா?"

கண்ணாத்தாள் ஏறிக்கொண்டே சொன்னார்: "கேக்குறதுக்கு முந்தி கீழ அந்த எறும்பப் பாருங்கண்ணே. அதுகூட மோந்து பாத்துட்டுத்தான் வாய் வைக்குது."