நான்கு வாசல், ஒரே சந்து

லூகாங்,
கடல் தெய்வம் மாட்சு அன்னையின் பிறந்தநாளுக்கு முந்தைய வாரம்.

மதிப்புக்கும் பாசத்துக்கும் (இன்றைக்குக் கொஞ்சம் குறைவாக) உரித்தான மைத்துனன் லின் கோ-ஜுங்குக்கு, உன் அக்காள் சுன்-மேயின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்காள், என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். ஸின்சூவில் நீயும் மனைவி மக்களும் நலமாயிருக்க அன்னை அருளட்டும். நலம் விசாரித்தாயிற்று. இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். நேற்றிலிருந்து நீ போனை எடுக்காததால்தான் கடிதம்.

புத்தாண்டு விருந்தில், மீன் தட்டு மேஜைக்கு வந்த நேரம் பார்த்து எழுந்து நின்று ஒரு பெட்டியை நீட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? "அத்தான், இது நானே டிசைன் பண்ணின கார்டு. உங்க கம்ப்யூட்டர்ல சொருகுங்க. நாலு போர்ட், நாலும் பறக்கும்!" சொந்தக்காரர்கள் எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன், இப்போது அந்தக் கையைப் பார்த்தால் எனக்கே கோபம் வருகிறது. அன்னையின் ஊர்வலத்தை இந்த வருடம் ஆறேழு கேமராவில் பிடித்து ஒரு டிஸ்க் பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பிறந்தநாள் மாலை கோயில் முற்றத்துப் பெரிய திரையில் காட்ட வேண்டும். உன் கார்டைச் சொருகி, வழக்கமான வெள்ளை வயரை மாட்டி, ஏற்றச் சொன்னேன். கடைக்குப் போய்ச் சிப்பி ஆம்லெட் தின்று, கடைக்காரர் மகனின் விவாகரத்துக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத் திரும்பினால், ஏறியிருந்த படத்தில் அன்னையின் பல்லக்கு இன்னும் கோயில் வாசலையே தாண்டவில்லை.

உன்னைக் கூப்பிட்டேன். "எந்த ஸ்லாட்ல போட்டீங்க அத்தான்?" "அடியில இருக்கறதுல." "ஐயோ, அது பாக்கத்தான் நீளம். உள்ள ஒரே ஒரு பாதைதான். மேல, கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்துல போடுங்க." போட்டேன். கிராபிக்ஸ் கார்டு தன் பாதையில் பாதியை உன் கார்டுக்குத் தாரை வார்த்துவிட்டு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திரையில் சாமியாடிகள் விக்கல் எடுத்தவர்கள் மாதிரி ஆடினார்கள். சரி, ஏற்றுவதாவது வேகமானதா என்றால், துளியும் இல்லை. மறுபடி கூப்பிட்டால் எனக்கே பாடம் எடுக்கிறாய்: "ப்ராசஸர்கிட்ட இருக்கற பாதையே அவ்வளவுதான் அத்தான். ஒருத்தருக்குக் கொடுத்தா இன்னொருத்தர்கிட்ட புடுங்கணும். நாலு போர்ட்டும் ஒரே சந்து வழியாத்தான் போய் வரணும்."

அட படுபாவி! பிறகு எதற்கு நாலு வாசல்? நம் ஊர் ஒடுக்குச் சந்தில் எதிரே ஓர் ஆள் வந்தாலே யார் பின்வாங்குவது என்று தகராறு. அதற்குள் நாலு வாசல் திறக்கிற வீட்டைக் கட்டி, வாசலுக்கு வாசல் 'பறக்கும்' என்று பலகை மாட்டி விற்றவனை ஊர் சும்மா விடுமா? நீ படித்த படிப்பு இதுதானா?

கடைசியில், மெஷின் சண்டித்தனம் பண்ணாமலிருக்க நம் ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். 'சமத்தாக இரு' என்று பேர் போட்ட நொறுக்குத் தீனிப் பொட்டலம் ஒன்று வாங்கி, மெஷினுக்கு ராசியான பச்சை நிறம்தானா, கெட்டுப்போகும் தேதி தாண்டவில்லையா என்றெல்லாம் பார்த்து, கம்ப்யூட்டரின் நெற்றியில் கட்டினேன். கட்டுவதற்கு உன் பெட்டியில் கிடந்த தடித்த குட்டைக் கறுப்பு வயர் உதவியது. நீ கொடுத்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

இன்று காலை கோயில் கமிட்டித் தலைவர் ஷி வந்து நின்றார். "ஆ-ஹாய், இந்த வருஷம் காட்டுவியா, இல்ல பார்பர் பொண்ணுகிட்டக் கொடுத்துடட்டுமா? அவ போன்லயே முடிச்சுடறாளாம்." டேப் காலத்திலிருந்து அன்னையைப் படம் பிடிக்கிறவன் நான். அந்தத் திரையில் வேறு யாரோ பிடித்த படம் ஓடினால் அப்புறம் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்? வாய்விட்டு அழாத குறைதான்.

ஆகவே விழா விருந்துக்கு நீ வர வேண்டாம். உன் நாற்காலியைப் பன்றிக்கறி உருண்டைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் உருண்டையாவது சொன்னபடி இருக்கிறது. அன்னை உனக்கு நீண்ட ஆயுளையும், உன் கார்டுகளுக்கு இன்னும் நாலு பாதையையும் அருளட்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
ஹுவாங் ஹாய்-ஷெங்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்காள் வந்து, "என் கைவிசிறி சார்ஜர் வயரை யாரு எடுத்தது?" என்று கேட்டபடியே அந்த வெள்ளை வயரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். கையில் வேறு வயர் இல்லை. பொட்டலத்தை அவிழ்த்து உன் கறுப்பு வயரை மாட்டினேன். கோ-ஜுங், பறந்தது! குற்றம் உன் கார்டில் இல்லை, சார்ஜ் ஏற்றத்தான் லாயக்கான அந்த விசிறி வயரில். தேநீர் ஆறுவதற்குள் பல்லக்கு ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிட்டது. கார்டை அடி ஸ்லாட்டுக்கே மாற்றினேன்; வேகமும் குறையவில்லை, சாமியாடிகளுக்கு விக்கலும் நின்றது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றால், "கிழிக்காதீங்க. என் விசிறி வயருக்காக என் தம்பி எவ்வளவு திட்டு வாங்கினான்னு அவனே படிக்கட்டும்" என்று சொல்லித் தானே தபாலில் போடக் கிளம்பிவிட்டாள். உருண்டைக் கடைக்காரரை வேறு மேஜைக்கு மாற்றிக்கொள்கிறேன். விருந்துக்குக் கட்டாயம் வா. வரும்போது கொஞ்சம் சாதாரணக் கயிறு வாங்கி வா, பொட்டலத்தை மறுபடி கட்ட வேண்டும்.