மூன்றாவது வாக்கியம்

சேலையூர்,
வியாழக்கிழமை காலை.

அன்புக்கும் பொறுமைக்கும் குறைவில்லாத என் மனைவி ஜெயசீலிக்கு, உன் கணவன் ஜீவரத்தினம் சகல மரியாதையுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் வீடும் முருங்கை மரமும் சுகம். அங்கே நீயும் கெசியாவும் மாப்பிள்ளையும் குட்டிப் பேரனும் சுகமாயிருக்கக் காலையிலும் இரவிலும் ஜெபிக்கிறேன். மதியம் தூங்கிவிடுகிறேன், அதையும் மறைக்கவில்லை.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் எங்கே பேசுகிறேன்? கெசியா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் "ஜெயா" என்று ஆரம்பித்தால் "சொல்லுங்க மாமா" என்கிறார் மாப்பிள்ளை. காமிரா எப்போதும் குழந்தையின் மேல்தான் இருக்கிறது. உன்னில் எனக்குக் கிடைப்பது ஓரத்தில் ஒரு காதும் கம்மலும் மட்டும். கம்மலைப் பார்த்துக்கொண்டு குடும்ப விஷயம் பேச எனக்கு வரவில்லை. எதிர்வீட்டு ஜெயகிருஷ்ணன் சார் மகனைப் பார்க்க சனிக்கிழமை மெல்போர்ன் கிளம்புகிறார். அவர் சூட்கேஸில் முறுக்குக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவில் இந்தக் கடிதம் வரும். தனியாக இருக்கும்போது படி.

விஷயம் அவசரமானது. திங்கட்கிழமை ஃபிரெடியின் கல்லூரியில் ஒரு அறிக்கை தாக்கலாகிறது. அதில், மனைவியின் குரலுக்கு மதிப்புக் கொடுக்காத கணவன் என்று வரைபடம் போட்டு என்னைக் காட்டப்போகிறார்கள். அதை எழுதுகிற பிள்ளைகள் உன்னோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்கள். அறிக்கை எப்படியும் உன் கைக்கு வரும். அது வருவதற்கு முன்னால் என் பக்கத்து நியாயத்தை நீ கேட்டுவிட வேண்டும்.

நம் சபைப் பாடகர் குழுவில் பாடுகிற ஃபிரெடியும், அவனோடு பயோமெடிக்கல் இறுதியாண்டு படிக்கிற தீபலட்சுமியும் ப்ராஜெக்டுக்காக ஒரு மாத்திரைப் பெட்டி செய்ததும், வேளை வந்ததும் வீட்டு உறவுக்காரர் ஒருவர் குரலில் அது நினைவூட்டும் என்பதும், என் பெட்டிக்கு நீதான் அங்கிருந்து மூன்று வாக்கியம் பேசி அனுப்பினாய் என்பதும் உனக்குத் தெரிந்ததுதான். பெட்டி உன்னைப் போலவே நடந்துகொள்கிறது. முதலில் பணிவாக, "ஏங்க, மணி எட்டு. மாத்திரை." மூடியைத் திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து, "கேக்குதா இல்லையா? பேப்பரை மடிச்சு வச்சிட்டு எழுந்திருங்க." அதற்கும் அசையாவிட்டால் மூன்றாவது, "ஐயோ, உங்களோட முடியலைங்க. நான் பக்கத்துல இல்லன்னா நீங்க என்னதான் பண்ணுவீங்க?" அதைச் சொல்லி முடித்ததும் நீ லேசாகச் சிரிக்கிறாய். பின்னால் ஏதோ ஒரு பறவை கத்துகிறது. நம் ஊர்க் காக்கா இல்லை, மைனாவும் இல்லை. அது என்ன பறவை என்று விசாரித்து எழுது.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு ஃபிரெடி போய்விட்டான். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே நீ "ஏங்க" என்றாய். "இதோ வந்துட்டேன்" என்று தலையில் சோப்போடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தேன். மேஜையில் பெட்டி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. நல்லவேளையாக வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்தேன். அடுக்களையிலிருந்து அங்காளம்மாள் கையில் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தாள். "அம்மா எப்ப சார் வந்தாங்கோ? சொல்லவே இல்ல. எங்க கீறாங்க?" என்று படுக்கையறை, பின்கட்டு, மாடிப்படி எல்லாம் தேடினாள். பெட்டியைக் காட்டினேன். அது சரியாக அந்த நேரம் பார்த்து இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னது. "பொட்டிக்குள்ள பூந்துகினு பேசறாங்களா? இன்னா சார் இது பேஜாரா கீது!" என்று சொல்லிவிட்டுப் போனவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. நான் பாத்திரம் தேய்த்தேன். ரசம் வைத்த பாத்திரத்தை உடனே ஊறப்போட வேண்டும் என்பதை நீ என்னிடம் சொல்லியிருக்கலாம்.

இப்போது அவளுக்குப் பயம் தெளிந்துவிட்டது. தெளிந்தது போதாதென்று பெட்டியோடு சிநேகமாகியும் விட்டாள். நீ அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்பது அவள் எண்ணம். எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. வந்ததும் பெட்டிக்கு முன்னால் நின்று, "அம்மா, சார் நேத்து கேம்ப் ரோடு கடையில பரோட்டா வாங்கியாந்து துன்னாரு, சால்னாவோட. நான் இன்னா சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு" என்று புகார் கொடுக்கிறாள். இந்த இடத்தில் பரோட்டா விஷயத்தை எழுதிவிட்டேன் என்பது எழுதிய பிறகுதான் தெரிகிறது. பேனாவால் எழுதியதை அடித்தால் நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய், அதனால் இருக்கட்டும்.

அடுத்தது ஜெபக்கூட்டம். போன வெள்ளிக்கிழமை நம் வீட்டு முறை. நீ இல்லாவிட்டாலும் முறை மாறக் கூடாது என்று நானே சுண்டல் செய்து, எல்லோரையும் உட்கார வைத்து, பாட்டும் ஆயிற்று. பாட்டில் நான் பின்தங்கிவிட்டேன். பக்கத்தில் நின்று கீர்த்தனைப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுக்க நீ இல்லை. நான் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் கடைசிச் சரணத்துக்குப் போய்விட்டார்கள். போதகர் செய்தி கொடுக்க ஆரம்பித்தார். அவர் செய்தியின் நீளம் உனக்குத் தெரியும். அப்போது பெட்டி, "ஏங்க, மணி எட்டு" என்றது. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் சுவரோரம் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன், எழுந்து போக வழியில்லை. அடுத்தபடியாக, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்த அதே குரலில், "கேக்குதா இல்லையா? பேப்பரை மடிச்சு வச்சிட்டு எழுந்திருங்க" என்றாய். போதகர் கையிலிருந்த குறிப்புத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சபை மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. உன்னிடம் படித்த பிள்ளைகள் அதில் நாலு பேர். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்தார்கள். போதகர் வேறு வழியில்லாமல் ஆசீர்வாதம் கூறி முடித்தார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வாக்கியமும் வந்துவிட்டது. நான் பக்கத்துல இல்லன்னா நீங்க என்னதான் பண்ணுவீங்க என்று நீ கேட்டாய், சிரித்தாய், அந்தப் பறவை கத்தியது. சிரிப்பு நின்றுவிட்டது. போன வருஷம் மனைவியைப் பறிகொடுத்த சின்னப்பன் அண்ணன் மட்டும் என் பக்கத்தில் வந்து, "தம்பி, அந்தக் கடைசியா சொன்னத இன்னொரு தடவ போட முடியுமா?" என்று கேட்டார். அது தானாகச் சொன்னால்தான் உண்டு அண்ணே என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டார்.

இனி அறிக்கைக்கு வருகிறேன். மொத்தம் ஆறு பேர் வீட்டில் பெட்டி வைத்திருக்கிறார்கள். படப்பையில் தாயாரம்மாள் என்று ஒரு அம்மா. அவர்கள் பெட்டியில் மகன் குரல். "அம்மா" என்று பாதி சொல்வதற்குள் திறந்துவிடுகிறார்களாம். கூடுவாஞ்சேரியில் ஸ்ரீரங்கன் என்பவர் பேத்தி குரலைக் கேட்டுப் பெட்டிக்கு நன்றியும் சொல்கிறாராம். ஐந்து பேருக்கும் முதல் அழைப்பிலேயே மூடி திறக்கிறது, கணினியில் பச்சைக் கோடு. எனக்கு மட்டும் சிவப்பு. காலையும் சிவப்பு, இரவும் சிவப்பு. மனைவி குரல் வைத்த பெட்டி ஆறில் என்னுடையது ஒன்றுதான். ஆகவே மனைவி குரலுக்குப் பலன் இல்லை என்று முடிவு எழுதப்போகிறார்கள். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிவப்பு விழுந்தால் நின்று, பச்சை விழுந்தால் போய், ஒரு நாளும் தப்பு செய்யாதவன். என்னைப் பார்த்து இப்படி ஒரு வரைபடம்!

தீபலட்சுமி நேரிலேயே கேட்டுவிட்டாள். "சார், கோச்சுக்காதீங்க. ஆன்ட்டி சொன்னா நீங்க எப்பவுமே லேட்டாத்தான் கேப்பீங்களா?" என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பெட்டியில்தான் கோளாறு என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டேன். மூடி இறுக்கம் என்றேன். ஃபிரெடி மூடியை மாற்றினான். கடிகாரம் அவசரப்படுகிறது என்றேன். கடிகாரத்தையும் மாற்றினான். விமானப்படைக்காரர்களின் பயிற்சி விமானம் தலைக்கு மேல் பறக்கும்போது காது கேட்கவில்லை என்றேன். "அங்கிள், ராத்திரி எட்டு மணிக்கு எந்த ஃப்ளைட் பறக்குது?" என்கிறான். "லேப்ல வச்சா சூப்பரா ஒர்க் ஆகுது அங்கிள். உங்க டேபிளுக்கு வந்தாத்தான் லேட் காட்டுது" என்று தலையைச் சொறிகிறான். பாவம், மார்க் போய்விடுமோ என்று பயம் அவனுக்கு. ஆறில் ஒன்று தோற்றால் எதனால் தோற்றது என்று விளக்கம் எழுத வேண்டுமாம். இரண்டு பேருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள், ராத்திரி பகலாக உழைத்திருக்கிறார்கள். ஆனாலும் கோளாறு பெட்டியில்தான். நீ யார் சொன்னாலும் நம்பாதே.

மற்றபடி என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். கெசியா உன்னை இன்னும் மூன்று மாதம் இருக்கச் சொல்கிறாள் என்று அறிந்தேன். தாராளமாக இரு. பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தாய் பக்கத்தில் இருப்பதுதான் முறை. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சமையல் பழகிவிட்டது. கீர்த்தனைப் புத்தகத்தில் எல்லாப் பாட்டுக்கும் காகிதத் துண்டு செருகி வைத்துவிட்டேன். டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லிவிடு.

கெசியாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. பேரனைத் தூக்கி வைத்து என் பெயரால் நெற்றியில் ஒரு முத்தம் கொடு. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
எப்போதும் உன் சொல் கேட்கும்,
ஜீவரத்தினம்

பி.கு.: சனிக்கிழமை காலை எழுதுகிறேன். ஜெயகிருஷ்ணன் சார் சூட்கேஸை மூடாமல் எனக்காகக் காத்திருக்கிறார். மேலே பெட்டியைப் பற்றி நான் எழுதிய குறைகளை எல்லாம் அடித்துவிடு. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை.

வியாழக்கிழமை இரவு, "இன்னிக்கு நான் உங்க கூடவே உக்காந்து பாக்கறேன் சார்" என்று தீபலட்சுமி வந்துவிட்டாள். எட்டு மணிக்கு நீ கூப்பிட்டாய். நான் ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் இன்னொரு கை பெட்டி மூடியின் மேலுமாக, எப்போதும் போல முன்கூட்டியே தயாராக உட்கார்ந்திருந்தேன். ஆனால் திறக்கவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டாய், திறக்கவில்லை. மூன்றாவதைச் சொல்லி, நீ சிரித்து, பறவையும் கத்தி முடித்த பிறகு திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் இப்டித்தானா சார்?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்புறம், "அப்போ எங்க பெட்டி ஒர்க் ஆகுதா ஆகலையா சார்?" என்று கேட்டாள். அவர்கள் மார்க் போகக் கூடாதே என்று, ப்ராஜெக்டை மேற்பார்க்கிற கைடிடம் உள்ளதைச் சொல்லிக்கொள்ளம்மா என்று அனுமதி கொடுத்துவிட்டேன். அவர்களுடைய கைடு ரொம்ப விவரமான அம்மாவாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வரிதான் சொன்னார்களாம்: அந்த சார் பெட்டியில் மட்டும் மூன்றாவது வாக்கியத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

நேற்று ஃபிரெடி லேப்டாப்போடு வந்தான். நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் வேலையை முடித்துவிட்டான். எடுத்த வாக்கியத்துக்கு எங்காவது ஒரு பிரதி வைத்திருக்கிறாயா தம்பி என்று கேட்டேன். "எல்லாத்தையும் க்ளீனா டெலிட் பண்ணிட்டேன் அங்கிள்" என்றான் பெருமையாக. இன்று காலை நீ "ஏங்க" என்று சொன்னதுமே திறந்துவிட்டேன். அடுத்து எதற்குக் காத்திருப்பது? உடனே ஃபோன் வந்தது, "அங்கிள், பச்சை விழுந்துடுச்சு!" என்று கத்துகிறான். ஆறு பேரும் பச்சை. திங்கட்கிழமை நல்ல மார்க் வாங்கிவிடுவார்கள். எனக்கும் சந்தோஷம்தான். தீபலட்சுமி மட்டும் ஃபோனை வாங்கி, "சார், நீங்க நல்லாருக்கீங்கல்ல?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். அதையும் அடித்துவிடு.

மூன்று மாதம் இருந்து வா என்று எழுதினேனே, முதலில் அதை அடி.

ஜெயா, நீ பக்கத்தில் இல்லாவிட்டால் நான் என்னதான் பண்ணுவேன் என்று இத்தனை நாளும் காலையும் இரவும் கேட்டாய். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு, நீ அதைக் கேட்பதற்காக உட்கார்ந்திருந்தேன். அதுதான் பண்ணினேன், வேறொன்றும் பண்ணவில்லை. இப்போது கேட்க யாரும் இல்லை. டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றச் சொல். வந்து, நேரில் நின்று கேள். பரோட்டாவுக்கும் சேர்த்துத் திட்டு.